வியாழக்கிழமைத் தள்ளு

போடிநாயக்கனூரில் மலைச்சாமியைப் பார்க்க வேண்டுமென்றால் வியாழக்கிழமை காலையில் மட்டும் போகக் கூடாது. போனவரையும் சேர்த்து வண்டி தள்ள விட்டுவிடுவார்கள்.

போடிமெட்டுக்கு ஏறும் சாலையில், ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியை ஒட்டி, தங்கபாண்டியன் முதலாளியின் ஷெட்டு இருந்தது. பஸ்சு, லாரி, ஜீப்பு மூன்றுக்கும் பாடி கட்டுகிற ஷெட்டு. எஞ்சினும் சக்கரமும் டிரைவர் உட்கார ஒரு பெட்டியும் மட்டுமாக எலும்புக்கூடு போல வருகிற வண்டியை அங்கே சேசு என்பார்கள். சேசு சாலைப் பக்கத்து வாசலில் நுழையும். மரமும் தகரமும் பெயிண்டும் ஏறி, வாய்க்கால் பக்கத்து வாசலில் முழு வண்டியாக வெளியே போகும். பாகப்பிரிவினையில் வந்த மனை அது. நீளம் நூற்றிருபது அடி இருந்தும் அகலம் பதினெட்டு அடிதான். இடது பக்கம் கிட்டங்கிச் சுவர், வலது பக்கம் முதலாளியின் அண்ணன் வீட்டுச் சுவர். உள்ளே நான்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கலாம். ஒன்றை ஒன்று முந்த முடியாது. பின்னால் மூன்று நிற்கும்போது வந்த வழியே திரும்பவும் முடியாது.

ஷெட்டுக்குள் எஞ்சினைக் கிளப்பக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. தரையில் கணுக்கால் உயரத்துக்கு இழைப்புச் சுருள் கிடக்கும். ஒரு பொறி போதும். ஆகவே பெட்ரோலை வடித்து, பாட்டரியைக் கழற்றி, கையால்தான் தள்ள வேண்டும். தள்ளுவதற்குப் பக்கத்துக் கிட்டங்கியின் சுமைக்காரர்கள் வர வேண்டும். அவர்கள் கை ஓய்கிற நேரம் வியாழக்கிழமை காலை ஒன்றுதான். எனவே வாரத்துக்கு ஒரு தள்ளு. வேலை முடிந்ததோ இல்லையோ, வியாழன் எட்டு மணிக்கு நான்கு வண்டிகளும் ஓர் இடம் நகரும். கடைசியில் நிற்பது வெளியே போகும். வாய்க்கால் கரை ஒற்றைத் தடம், நிறுத்தி வைக்க இடமில்லை; வெளியே வந்த வண்டியை அன்றே ஓட்டிப் போய்விட வேண்டும். முதல் இடத்தில் புதுச் சேசு ஏறும்.

மலைச்சாமிக்கு அங்கே வரிசை போடுகிற வேலை. அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பது, அவன் அங்கே போய்ச் சேரும்வரை அவனுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது.

சிலமலையில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக்கொண்ட முதல் ஆள் அவன். கிணற்றுப் பாசனத்தில் மூன்று குறுக்கம் நிலம் வைத்திருந்த சம்சாரி குடும்பம். மதுரையில் போய் அவன் படித்தது கணிதம். தாய் சுருளியம்மாளிடம் யாராவது "மகன் என்ன படிச்சிருக்கான்?" என்று கேட்டால், "கணக்கு" என்பாள். "அப்ப கடையில கணக்கெழுதலாம்" என்று அவர்கள் சொல்வார்கள். மூன்று வருஷம் படித்த படிப்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுவது அவனைக் குடைந்தது. பதினாலு இடத்துக்கு விண்ணப்பம் போட்டான். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று 1955 தை மாதம் தங்கபாண்டியனிடம் வந்து சேர்ந்தான். சேர்ந்த அன்றே முதலாளி அவனுடைய அசல் சர்டிபிகேட்டை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்தார். மேஜையில் உட்காருகிற ஆளிடம் அப்படி வாங்கி வைப்பது அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம்.

"பத்திரமா இருக்கும் தம்பி. உங்க வீட்டுல இருந்தா கறையான் தின்னுரும்."

அவன் கண்ட முதல் வியாழன்களில் ஷெட்டு ஒரே ஏச்சுப் பேச்சாக இருந்தது. வந்த வரிசையிலேயே சேசுகளை உள்ளே விடுவார்கள். முதல் இடத்தில் அடிப்பலகை, இரண்டாவதில் மரச்சட்டம், மூன்றாவதில் தகரம், நான்காவதில் பெயிண்டும் இருக்கையும். சட்டத்துக்குத் தலைமைத் தச்சர் முனியசாமி. பஸ்சுக்குப் பின்னால் பஸ்சு வந்தால் அவருக்கு உயிர் போகும். முதல் பஸ்சின் சட்டம் முடியாமலே தகர இடத்துக்குத் தள்ளிப் போய்விடும். தச்சர்கள் அதன் பின்னாலேயே ஓடி அங்கே நின்று ஆணி அடிப்பார்கள். தகரக்காரர் பெத்துராஜ் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"என்னய்யா, மாமியா வீட்டுக்கு வந்த மாதிரி என் இடத்துல வந்து ஒக்காந்துட்டீக?" என்பார் பெத்துராஜ்.

"ஒன் தகரத்த நான் கடிச்சா தின்னேன்? ரெண்டு பஸ்ச அடுத்தடுத்து விட்டவன போய்க் கேளு" என்பார் முனியசாமி.

ரெண்டு பஸ்சை அடுத்தடுத்து விட்டது யார்? யாருமில்லை. அது மலைச்சாமியின் மனதில் தைத்தது. கல்யாணப் பத்திரிகைகளைக் கீறித் துண்டுகளாக்கி, வண்டிக்கு ஒரு சீட்டு என்று எழுதி, மேஜைக் கண்ணாடியின் மேல் நகர்த்திப் பார்த்தான். பஸ்சின் சட்டத்துக்குத் தச்சர்களுக்கு ஒன்பது நாள். லாரிக்கு ஆறு நாள். மெட்டு ஏறி எஸ்டேட்டுக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப்புக்கு இரண்டே நாள். வாரத்தில் வேலை நாள் ஆறு. இரண்டு பஸ்சு சேர்ந்தால் பதினெட்டு நாள் வேலை பன்னிரண்டு நாளில் முடியாது. பஸ்சுக்கு முன்னால் ஒரு ஜீப்பு போனால் பதினொன்று, முடியும்; ஜீப்பு முடிந்த கையோடு, பின்னால் முதல் இடத்தில் நிற்கும் பஸ்சிலேயே சட்டத்தைத் தொடங்கிவிடலாம். பெத்துராஜுக்கோ பஸ்சைவிட லாரியின் முகப்புத்தான் பாடு. இரண்டு லாரி சேர்ந்தால் அவர் முதுகு ஒடியும். இப்படி ஒருவர் சுமையை இன்னொருவர் மேல் ஏற்றாமல் சீட்டுகளை மாற்றி மாற்றி வைத்ததில் ஒரு வரிசை வந்தது: பஸ்சு, ஜீப்பு, லாரி, மறுபடி ஜீப்பு. பெரிய வண்டி இரண்டு ஒட்டி நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று முதலாளியும் கேட்டார். ஆனால் அடுத்த மூன்று மாதத்தில் ஷெட்டில் ஏச்சு குறைந்தது. முனியசாமி மத்தியானம் அரைமணி நேரம் கண்ணயர்ந்தார். "பி.ஏ.வ கேளு" என்பது ஷெட்டின் பேச்சாகிவிட்டது. மரம் வரப் பிந்தினால் பி.ஏ.வைக் கேட்டார்கள். பெயிண்டர் மனைவிக்குப் பிரசவம் என்றாலும் பி.ஏ.வைக் கேட்டார்கள், எந்த வண்டியை முன்னால் விடுவது என்று.

மலைச்சாமிக்கு அதில் ஒரு கிறுகிறுப்பு இருந்தது. அதை அவன் மறைக்கவில்லை. ஆனால் ஷெட்டை விட்டு வெளியே வந்து நின்றால் வேறொரு கேள்வி வரும். இதற்கா படித்தேன்? வந்தவர்களை வரிசையில் நிற்க வைப்பது ஒரு படிப்பா? சந்தையில் மாட்டுத் தரகனும் அதைத்தானே செய்கிறான்? ஊருக்குப் போனால், "மலைச்சாமி போடியில வண்டி தள்றானாம்" என்று காதில் விழுந்தது. இரண்டு சுவர்களுக்கு நடுவில் வியாழன் வியாழனாக நகர்ந்துகொண்டிருப்பது வண்டிகள் மட்டும்தான், தான் முதல் இடத்திலேயே நிற்கிறோம் என்று அவனுக்குப் பட்டது.

ஒன்றரை வருஷம் கழித்து, 1956 ஆனி மாதம் இருபது தேதிக்கு மேல், பதினாலு விண்ணப்பங்களில் ஒன்றுக்குப் பதில் வந்தது. சென்னையில் மோட்டார் கார் பூட்டுகிற ஆலை. அங்கேயும் பலவகை வண்டிகள் ஒரே வரிசையில் வருகின்றனவாம். அந்த வரிசையைத் திட்டமிடும் பிரிவில் கணிதம் படித்த ஆள் வேண்டுமாம். ஆகஸ்டு இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். அசல் சர்டிபிகேட்டைக் கொண்டுவர வேண்டும். கடிதத்தை அவன் ஐந்து முறை படித்தான். தான் செய்கிற வேலைக்கு ஒரு பெயர் உண்டு, அதற்கு ஒரு பிரிவு உண்டு, அதில் மேஜை போட்டு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அவனுக்குப் பாதி விடுதலையாக இருந்தது.

முதலாளியிடம் சொன்னான். அவர் கடிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது.

"போ. நான் மறிக்க மாட்டேன். ராஜாராம் பஸ்சு எப்ப வெளிய போகுது?"

"ஜூலை பத்தொன்பது, வியாழக்கிழமை."

"அது போகட்டும். அதோட இந்த மாசத்துப் பெரிய வேலை தீந்துரும். அன்னைக்கே சர்டிபிகேட்ட கையில தர்றேன். அதுக்கு முன்ன கேக்காத."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. பஸ்சு முதலாளி ராஜாராமின் புதுப் பஸ்சு அப்போது மூன்றாவது இடத்தில் நின்றது. அதற்குப் பின்னால் எஸ்டேட்டுக்காரர்களின் ஜீப்பு. அதற்கும் பின்னால் ஏலக்காய் வியாபாரி தானியேலின் லாரி. எல்லாம் மலைச்சாமி போட்ட வரிசை. எல்லாருக்கும் வேலை சரியாக இருந்தது.

ஜூலை பன்னிரண்டு, வியாழக்கிழமைத் தள்ளில் பஸ்சு நான்காவது இடத்துக்கு வந்தது. ராஜாராம் பார்க்க வந்தார். சட்டையில்லாத உடம்பில் சந்தனமும், தோளில் சரிகைத் துண்டும். பஸ்சை ஒரு சுற்றுச் சுற்றி, தட்டி, முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எப்ப எடுத்துக்கிறலாம்?"

"வர்ற வியாழக்கிழமை" என்றான் மலைச்சாமி.

"வர்ற வியாழன் தமிழுக்கு என்ன?"

மலைச்சாமி சீட்டுகளைப் புரட்டினான். அவனுடைய சீட்டுகளில் எல்லாம் இங்கிலீஷ் தேதிதான் இருந்தது. முனியசாமி விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

"ஆடி நாலு."

ராஜாராம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "ஆடியில புது வண்டி எடுக்கவா? எங்க அப்பன் காலத்துல இருந்து இல்ல. ஆவணி பெறக்கட்டும்."

"பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு எடுப்பாகளே..." என்று முதலாளி இழுத்தார்.

"எடுப்பாக. எனக்கு அன்னைக்குச் சந்திராஷ்டமம். வண்டி இங்கனேயே இருக்கட்டும், ஓடியா போகப் போகுது?"

பஸ்சு நகராவிட்டால் அதன் பின்னால் நிற்கும் ஜீப்பு நகராது. லாரி நகராது. புதுச் சேசு நுழையாது. ஆடி முழுவதும், நான்கு வியாழன். மலையில் காய் பறிப்புத் தொடங்குகிற மாதம். ஜீப்பு வராவிட்டால் எஸ்டேட்டுக்காரர்கள் இனி இந்த வாசல் மிதிக்க மாட்டார்கள். தானியேலின் லாரியை முன்னால் விட்டுப் பஸ்சைப் பின்னால் விட்டிருந்தால் லாரியும் ஜீப்புமாவது தப்பியிருக்கும். தானியேல் கிறிஸ்தவர், அவருக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான்.

"மரத்துக்கு எத்தன நாள், தகரத்துக்கு எத்தன நாள்னு பாத்தியே மாப்ளே" என்றார் முனியசாமி. "வண்டிக்கு ஒரு மனுசன் சொந்தக்காரன்னு பாக்கலையே."

முதலாளிக்குக் கோபம் சிரிப்பாகத்தான் வரும். "ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. ஆடிய மறந்துட்டு வந்து நிக்கிறான். படிக்க வச்சவன் யாரு, அவனச் சொல்லணும்."

"முதலாளி, நான் ரெண்டாந்தேதி..."

"பஸ்சு வெளிய போகட்டும்னு சொன்னேன். போகட்டும்."

அன்று முழுவதும் மலைச்சாமி சீட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எப்படி வைத்தாலும் பஸ்சு முன்னால் நின்றது. தப்பு கணக்கில் இல்லை என்று தன்னையே சமாதானப்படுத்தப் பார்த்தான். பிறகு அது இன்னும் கேவலமாகப் பட்டது. மதுரையில் மூன்று வருஷம் இருந்து ஊர்ப் பழக்கங்களில் அவன் உரித்துப் போட்டது என்னென்ன? தமிழ் மாதம் அதில் எப்போது போனது? உரித்தது போதாது, உரிக்காமல் விட்டதும் போதாது என்று இரண்டு பக்கமும் அடி விழுகிறதே.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அவனுக்கு ஒரு வழி தட்டுப்பட்டது. பரஸ்தானம். நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள், அந்த நல்ல நாளில் தன் பொருள் ஒன்றை முன்னதாகப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், கிளம்பியதாகவே ஆகும். பிறகு எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. ஊரில் எல்லாரும் செய்வது. ஆனி முடிய இன்னும் மூன்று நாள் இருந்தது. நேரே ராஜாராம் வீட்டுக்குப் போனான்.

"வண்டியோட ஒரு சாமானை இன்னைக்கு நல்ல நேரத்துல உங்க வீட்டுல கொண்டாந்து வச்சிருவோம். ஆனியிலயே வண்டி வீட்டுக்கு வந்ததாச்சு. பெறகு ஆடியில ஓட்டினா என்ன?"

ராஜாராம் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "சரியாத்தான் சொல்லுது அந்தத் தம்பி" என்றாள்.

"என்ன சாமான்?"

"ஹாரனைக் கொண்டாரலாம்."

"ஹாரன் வந்தா வண்டி வந்ததாகுமா அப்பு? நாய் குரைச்சா திருடன் வந்தான்னு சொல்லலாம், நாயே வந்துச்சுன்னு சொல்லலாமா? ஸ்டீரிங்க கொண்டா. வண்டிக்கு அதுதான் உயிரு."

பத்தரைக்குள் ஸ்டீரிங் போய்ச் சேர்ந்தது. மலைச்சாமியே கழற்றி, மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுபோனான். குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, விளக்கு முன்னால் வைத்தார்கள். அவனுக்குக் காப்பி கொடுத்தார்கள். ஷெட்டுக்குத் திரும்பியபோது சுமைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "பி.ஏ. சாமியாரு வர்றாரு" என்றார் பெத்துராஜ். முதலாளி அவன் முதுகில் தட்டினார். அன்று அவன் சென்னையைப் பற்றி நினைத்தபோது, அந்த ஆலையின் மேஜைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியுமா என்றுகூட ஓர் எண்ணம் ஓடியது.

ஆடி மூன்று, புதன்கிழமை, ஸ்டீரிங்கைத் திரும்ப வாங்கிவரப் போனான். ராஜாராமின் மனைவி நிலைப்படியிலேயே நிறுத்திவிட்டாள்.

"அத எப்படித் தம்பி குடுக்கிறது? வீட்டுக்கு வந்த லட்சுமிய ஆடியில வாசல் தாண்ட விடுவாகளா?"

"அது இல்லாம பஸ்சு ஓடாதும்மா."

"வேற மாட்டுங்க. இது ஆவணியில வரும்."

ராஜாராம் உள்ளே பூஜையில் இருந்தார். பூஜை முடியக் காத்திருந்து கேட்டான். அவர், "வீட்டுக்காரி சொன்னா சரிதான்" என்றார்.

இதைக் கேட்கத் தோன்றவில்லையே. ஒரு பொருள் ஒரு வீட்டுக்குள் போனால் திரும்ப வருமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே. மதுரைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். அந்தக் கம்பெனி ஸ்டீரிங் சென்னையிலிருந்துதான் வர வேண்டும், ஆவணி ஆகும் என்றார்கள். போடியில் ஓடுகிற மற்ற வண்டிகளின் ஸ்டீரிங்குக்குப் பல் வேறு, பொருந்தாது. அதே கம்பெனி ஸ்டீரிங் ஷெட்டுக்குள் ஒன்றே ஒன்று இருந்தது. இரண்டாவது இடத்தில் நின்ற தானியேலின் லாரியில்.

வியாழன் காலை ஏழு மணிக்குத் தானியேலை அழைத்துவந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாத மனிதர். முதலாளி விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் தன் லாரியின் சட்டத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"என் லாரி என்னைக்கு வெளிய வருது?"

"ரெண்டு வாரத்துல. ஆடி பதினெட்டு."

"அன்னைக்கு எனக்கு ஸ்டீரிங் வேணும். மெட்டுல இருந்து காய் இறக்கணும். யாரு தருவா?"

"நான் தர்றேன்" என்றார் முதலாளி.

"நீங்களா கழத்தப் போறீக?"

"மலைச்சாமிதான்."

தானியேல் மலைச்சாமியின் பக்கம் திரும்பினார். "தம்பி, எங்க யாவாரத்துல ஒண்ணு உண்டு. வாங்கின கைதான் திருப்பிக் குடுக்கணும். இன்னொரு கைக்கு மாத்தினா பொருளு வழியில நின்னுரும். நீ கழத்துறதா இருந்தா, பதினெட்டாம் தேதி காலையில நீ இங்க நின்னு நீயே மாட்டணும். நிப்பியா?"

ஆடி பதினெட்டு என்பது ஆகஸ்டு இரண்டு. இப்போது இரண்டு தேதிகளும் மலைச்சாமிக்கு அத்துப்படி.

சுமைக்காரர்கள் தோள்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தள்ளுவதற்குத் தயாராக நின்றார்கள். அவர்களுக்கு எட்டு மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். முனியசாமி வண்டிச் சக்கரத்தின் முட்டுக்கட்டையில் கையை வைத்தபடி அவனைப் பார்த்தார். நிற்பேன் என்று சொன்னால் சென்னை போச்சு. நிற்க மாட்டேன் என்றால் பஸ்சு நகராது. பஸ்சு நகராவிட்டால் சர்டிபிகேட்டு வராது. சர்டிபிகேட்டு இல்லாமல் சென்னை ஏது? எந்தச் சீட்டை எங்கே நகர்த்தினாலும் அதே விடை. பொய் சொல்லலாம். நிற்பேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிடலாம். ரயில் தினமும் போகிறது. அந்த எண்ணம் வந்ததற்கே அவன் காது சிவந்தது.

"நிப்பேன்" என்றான்.

ஸ்டீரிங்கைக் கழற்றி பஸ்சில் மாட்டினான். எட்டரை மணிக்குப் பஸ்சு வாய்க்கால் கரையில் நின்றது. பெட்ரோல் ஊற்றி, பாட்டரி மாட்டி, ராஜாராம் தேங்காய் உடைக்காமலே ஏறிப் போனார். உடைக்க வேண்டியதெல்லாம் ஆனியிலேயே முடிந்துவிட்டதாம். முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து சர்டிபிகேட்டை எடுத்து, தூசி தட்டி, அவன் கையில் கொடுத்தார்.

"போறதுன்னா போ. நான் ஒன்னப் பிடிச்சு வைக்கல."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் மலைச்சாமிக்குத் தாங்கவில்லை. கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

அடுத்த இரண்டு வாரமும் அவன் ஒரு வழி தேடினான். தானியேலுக்குப் பதினெட்டாம் தேதி கொடுக்க வேண்டிய ஸ்டீரிங்குக்கு, அதே கம்பெனி லாரி இன்னொன்று வேண்டும். இருந்தது. ஞானபாக்கியம் என்ற அம்மாளுடைய லாரி. கணவர் இறந்த பிறகு, எஸ்டேட்டுகளுக்கு அரிசியும் உப்பும் ஏற்றிப் போகும் வியாபாரத்தைத் தானே நடத்திவந்தவர். பஸ்சு போன பிறகு வந்த அந்தச் சேசு சாலைப் பக்கம் காத்து நின்றது. பஸ்சு போன வியாழனுக்கு அடுத்த வியாழன்தான் முதல் இடத்தில் ஏறியது. ஞானபாக்கியத்தை முன்கூட்டியே பார்த்து, புதன்கிழமையே கழற்றித் தானியேலின் லாரியில் மாட்டிவிட்டால், புதன் சாயங்கால ரயிலைப் பிடிக்கலாம். இரவெல்லாம் பயணம் செய்தால் வியாழன் பத்து மணிக்குச் சென்னை. செவ்வாய்க்கிழமை அந்த அம்மாளின் கடைக்குப் போனான். அவர் அரிசி மூட்டையில் குத்தூசியைக் குத்தி, கையில் விழுந்த அரிசியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கா? நாளைக்கு நான் மெட்டுக்குப் போறேன். வியாழக்கிழமை காலையில வந்துருவேன். நான் வந்து நின்ன பெறகு கழத்து."

"நாளைக்கே கழத்தினா நல்லதும்மா. எனக்கு ஒரு சோலி இருக்கு."

"ஒனக்குச் சோலின்னா என் வண்டி என்னய்யா பண்ணும்? நான் பாக்காம ஒரு ஆணி என் வண்டிய விட்டுப் போகக் கூடாது. எங்க வீட்டுக்காரரு போனதுல இருந்து அப்படித்தான்."

அவன் தெருவில் வந்து நின்றான். தானியேலிடம் போய்க் கெஞ்சலாமா என்று பார்த்தான். கெஞ்சினால் அவர் விட்டுக்கொடுத்துவிடுவார் என்று தோன்றியது. இரண்டு நாள் பொறுத்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவார். ஆனால் லாரி நகராவிட்டால் பின்னால் நிற்கும் மூன்றும் நிற்கும். அவன் போட்ட வரிசை மறுபடி முட்டிக்கொண்டு நிற்கும். கெஞ்சாமல் வீட்டுக்குப் போனான். ஏன் கெஞ்சவில்லை என்பதற்கு அவனிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, வாக்கு. இன்னொன்றை அவன் கிட்டே விடவில்லை: தான் இல்லாமல் அந்தத் தள்ளு நடந்துவிட்டால்?

சிலமலையில் சுருளியம்மாள் சோறு போட்டபடி கேட்டாள். "பட்டணத்துக்குப் போறேன்னியே?"

"போகல ஆத்தா."

"ஆடியில புது வேலைக்குப் போறது நல்லதில்லதான்" என்றாள் அவள், நிம்மதியாக.

ஆடி பதினெட்டு, வியாழன். ஆற்றங்கரைக்குச் சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஊரே போய்க்கொண்டிருந்தது. ஷெட்டில் தள்ளு முடிந்து தானியேலின் லாரி வாய்க்கால் கரையில் நின்றது. ஸ்டீரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. ஞானபாக்கியம் சொன்னபடி வந்திருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் லாரியின் பக்கத்தில் காவல் போல நின்றார். அப்போது இரண்டாவது இடத்துக்கு வந்திருந்தது அந்த லாரி.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"தானியேல் அண்ணே எல்லாம் சொன்னாரு. இத நீ எடுத்தா, என் வண்டி வெளிய வர்ற அன்னைக்கு நீதான் குடுக்கணும். அன்னைக்கும் ராஜாராம் வீட்டு ஸ்டீரிங் வரலைன்னா வேற எங்க இருந்தாவது கொண்டாரணும். நீ இருப்பியா, இல்ல எங்கயாவது போயிருவியா?"

பெத்துராஜ் தகரம் வெட்டுவதை நிறுத்தினார். ஷெட்டு முகப்பில் மாட்டியிருந்த கடிகாரத்தில் மணி பத்து அடிக்கத் தொடங்கியது. சென்னையில் ஒரு கதவைத் திறந்து, அவன் பெயரை ஒருவர் கூப்பிடுகிற நேரம். ஒருமுறை கூப்பிட்டு, இரண்டாவது முறை கூப்பிட்டு, அடுத்த ஆளின் பெயருக்குப் போவார்கள்.

மலைச்சாமி பதில் யோசித்தான். இந்த முறை யாரும் அவனை மடக்கவில்லை. சர்டிபிகேட்டு வீட்டில் இருக்கிறது. தானியேலுக்குக் கொடுத்த வாக்கு இன்னும் கால்மணியில் தீர்ந்துவிடும். அந்த அம்மாளின் ஸ்டீரிங்கை வேறு யாரையாவது கழற்றச் சொல்லலாம். முனியசாமிக்குத் தெரியாதா என்ன? அப்படிச் சொல்லிவிட்டால் நாளை முதல் அவன் எங்கும் போகலாம், எந்த விண்ணப்பமும் போடலாம்.

யோசித்து முடிப்பதற்குள், தன் கை நீண்டு முனியசாமியிடமிருந்து ஸ்பேனரை வாங்கிவிட்டதைக் கண்டான்.

"இருப்பேம்மா" என்று சொல்லி, லாரிக்குள் ஏறினான்.